பசை பிடிப்பதற்குள்

எழிலரசி என்ன வேலை பார்க்கிறாள் என்பது ஆம்பூரில் ஒருத்தருக்கும் விளங்கியதில்லை. பெங்களூரில் சிப் செய்யும் கம்பெனியில் கம்பைலர் எழுதுகிறாள் என்றால், "கம்ப்யூட்டர் ரிப்பேரா? எங்க வூட்டு பிரின்டர கொஞ்சம் பாரேன்" என்பார்கள். மனுஷர் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் புரோகிராம் அது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் பிரின்டரையே பார்த்துக் கொடுத்துவிடுவாள்.

வீண் வேலையை ஒழிப்பதில் அவள் புலி. புரோகிராமில் யாருக்கும் உதவாத கணக்கு எங்கே ஒளிந்திருந்தாலும் அவள் கம்பைலர் மோப்பம் பிடித்துத் தூக்கி எறிந்துவிடும். அதற்காகக் கம்பெனியில் கேடயமெல்லாம் கொடுத்தார்கள்.

கேடயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விடியுமுன் பெங்களூருக்கு ரயில், இருட்டிய பிறகு ஆம்பூருக்கு ரயில். பெற்ற மகளை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் முழுசாகப் பார்த்தாள். போதும்டா சாமி என்று வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு மனுப்போட்டாள். பிரின்சிபால் பஞ்சாட்சரத்துக்கு அரை மனசு. "கம்பெனி ஆளுங்க பேசுனா பசங்க தூங்கிடுறாங்கம்மா. திங்கட்கிழமை ஒரு கிளாஸ் எடுங்க. அவங்களுக்குப் புரிஞ்சா வேலை, இல்லன்னா இல்ல."

அதற்கு முந்தின நாள் நாத்தனார் சோபனா வந்தாள். ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் சூப்பர்வைசர்.

"பேஜாரா போச்சு அண்ணி. மெஷினுக்குப் புது சாஃப்ட்வேர் போட்டதுலேர்ந்து, பசை புடிக்கறதுக்குள்ள சோல அழுத்தற பிரெஸ் மேல தூக்கிடுது. லாட்டு லாட்டா ரிஜெக்ட். எல்லாம் பஜார்ல கம்மி வெலைக்குப் போவுது. எவனோ படிச்ச முட்டாள் பண்ண வேலை!"

"முட்டாளேதான்" என்றாள் எழிலரசி. சோபனாவிடம் சொல்லி மெஷின்காரரிடமிருந்து புரோகிராமை வரவழைத்துத் திறந்து பார்த்தால், மெஷினுக்குள் இருந்ததே அவள் கம்பெனி சிப்தான். பிரெஸ் ஷூவை அழுத்திக்கொண்டிருக்கும் வரை புரோகிராம் சும்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். எண்ணி முடித்தால் பிரெஸ் தூக்கும். இந்த எண்ணிக்கையால் யாருக்கு என்ன லாபம் என்று தூக்கி எறிந்திருந்தது சாட்சாத் அவளுடைய கம்பைலர். அந்த வரியில் கை வைக்காதே என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்பினாள். மெஷின் சரியாகிவிட்டது. முட்டாள் யார் என்பதை மட்டும் சோபனாவிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, மூன்றாம் மாடியில் வகுப்பு. கால் மணி நேரத்தில் கடைசி பெஞ்சு செல்போனுக்குள் போய்விட்டது. பஞ்சாட்சரம், போதும் என்று சொல்லத்தான் எழுந்து வந்தார். இரண்டடி வைத்திருப்பார், பட்டென்று ஒரு சத்தம். வலது ஷூவின் சோல் முழுசாகக் கழன்று நடு வகுப்பில் கிடந்தது.

"போன வாரந்தான் ஆம்பூர் பஜார்ல வாங்கினேன்! சூப்பர் ஐட்டம்னானே பாவி!"

வாயை மூடிக்கொண்டாலும் வேலை போனதுதான், திறந்தாலும் போனதுதான். எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று எழிலரசி சோலைக் கையில் எடுத்தாள்.

"கடைக்காரரத் திட்டாதீங்க சார். இது நான் பண்ணது."

நடந்ததைச் சொன்னாள். சொன்னதோடு விடவில்லை. ஒருத்தியைக் கூப்பிட்டு, சோலை ஷூவில் வைத்து அழுத்திக்கொண்டு நூறு வரை எண்ணச் சொன்னாள். இன்னொருவனைக் கம்பைலராக நிறுத்தினாள். அந்தப் பெண் ஏழு எண்ணுவதற்குள் அவன், "வெட்டியா எதுக்கு எண்ணுற? கைய எடு!" என்று அதட்டினான். சோல் மறுபடி விழுந்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "மேடம், எது வெட்டி, எது தேவைன்னு கம்பைலருக்கு எப்டி மேடம் தெரியும்?"

இத்தனை வருஷத்தில் அவளை ஒருத்தரும் கேட்காத கேள்வி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

பஞ்சாட்சரம் நொண்டிக்கொண்டே வந்தார். "எனக்கே புரிஞ்சுபோச்சும்மா. அடுத்த வாரமே வந்து சேர்ந்துடுங்க." வாசல் வரை போனவர் திரும்பினார். "ஆமா, உங்க கம்பைலரு வேற எதுலல்லாம் இருக்குது? நம்ம லிஃப்ட்லயும் இருக்குதா?"

எழிலரசி கீழே கிடந்த சோலை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்குப் படியிலயே எறங்கிடுங்க சார்."