புகைச் சோதனையும் என் கொழுந்தனும்

தொண்ணூறுகளில் கெலுகோரில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய டீசல் வேன், பதினொரு பிள்ளைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேனைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் புகைக்குழாய்க்குள் புகையை அளக்கும் மெஷினின் கம்பியை நுழைத்து, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்வார்கள். அதில் தேறாவிட்டால் பிள்ளைகளை ஏற்றக்கூடாது.

அந்தத் தடவை தேறவில்லை.

சோதித்த அதிகாரி தமிழர். சட்டைப்பையில் மூன்று பேனா, முகத்தில் எந்நேரமும் ஓர் எரிச்சல். நான் தமிழில்தான் கேட்டேன்.

"அண்ணே, இன்னொரு தடவ பாருங்களேன். காலையிலேர்ந்து வரிசையில நிக்கிறேன்."

அவர் மலாய் மொழியில் பதில் சொன்னார். தேறவில்லை, சரிபண்ணிவிட்டுக் கொண்டுவா, அடுத்த வண்டி. காகிதத்தை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார். கையில்கூடத் தரவில்லை. தமிழ் தெரிந்திருந்தும் ஒருவன் என்னிடம் தமிழ் பேச மறுத்தது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

வேனின் பழுதுகளைப் பார்ப்பது என் கணவரின் தம்பி. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். பாலம் தாண்டி நேரே அவரிடம் போனேன். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நோசல்கள் தேய்ந்துவிட்டன, நான்கையும் மாற்றினால் புகை நின்றுவிடும் என்றார். மூன்று நாள் வேனை வைத்துக்கொண்டார். திரும்ப எடுக்கப் போனபோது, "புது நோசல் போட்டாச்சு அண்ணி, கண்ண மூடிட்டுப் போங்க" என்றார்.

அதற்குள் இரண்டு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். ஒருத்தி காரணத்தை முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "ஒங்க வேன நம்பி நான் தினம் லீவு போட முடியாதுலா."

மறுபடி வரிசை. மறுபடி அதே அதிகாரி, அதே கம்பி. நான் மிதிக்க மிதிக்கப் பின்னால் கரும்புகை எழும்பியது கண்ணாடியில் தெரிந்தது. அவர் காகிதத்தில் கோடு போட ஆரம்பித்ததும் எனக்குக் கட்டுப்பாடு போய்விட்டது. இறங்கி அவர் முன்னால் நின்றேன்.

"புது நோசல் போட்டுக் கொண்டாந்திருக்கேன். எப்படி ஃபெயில் ஆவும்? பொம்பள ஓட்டுறான்னு வேணும்னே பண்றீங்களா? ஒங்க மெஷின்தான் கெட்டுப்போச்சு!"

பின்னால் லோரிக்காரர்கள் ஹார்னை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதிகாரி வேனுக்குள் ஏறி, முன் இருக்கையைத் தூக்கினார். எஞ்சின் அதற்கு அடியில்தான் இருந்தது. டார்ச் அடித்தார்.

"இங்க வாங்க" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் தமிழ். "இந்த நாலு நட்டையும் பாருங்க. கழட்டாம நோசல் மாத்த முடியாது. எத்தன வருஷத்து எண்ண அழுக்கு இது? ஸ்பானர் பட்ட அடையாளம் இருக்கா?"

பார்த்தேன். அழுக்கு கருப்புப் பசையாக இறுகிக் கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

"ஒங்கள ஏமாத்துனவன்கிட்ட போய் கத்துங்க. என்கிட்ட கத்தாதீங்க."

அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை என்பதால்தான் எனக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

பட்டறைக்குப் போனபோது கொழுந்தன் மர ஸ்டூலில் உட்கார்ந்து மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேனை வாசலை அடைத்து நிறுத்தினேன்.

"தம்பி, நோசல் மாத்துனீங்களா இல்லையா?"

"மாத்துனேன் அண்ணி. அந்த ஆளுங்க அப்படித்தான், இல்லாதத..."

"நட்டப் பாத்துட்டு வந்திருக்கேன்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு சாவகாசமாக விழுங்கிவிட்டுச் சொன்னார்: "ஒங்களுக்கு வாங்குன நோசல் ஒரு லோரிக்கு அவசரமா தேவப்பட்டுச்சு. ரெகுலர் கஸ்டமர். ஒங்களுக்கு அடுத்த வாரம் போடலாம்னு இருந்தேன். நம்ம வீட்டு வண்டிதானே, இதுக்குப் போய் இப்படி வரீங்க."

"நம்ம வீட்டு வண்டின்னுதான் பொய் சொன்னீங்களா? ஒங்களால நான் ஊர் முன்னால ஒருத்தன்கிட்ட சண்ட போட்டு அசிங்கப்பட்டு வந்திருக்கேன்."

"அண்ணன்கிட்ட பேசிக்கிறேன்" என்று தட்டைக் கையில் எடுத்தார். என்னோடு பேசுவதற்கு அவருக்கு ஒன்றுமில்லையாம்.

வேறொரு பட்டறையில் நோசல் மாற்றினேன். மூன்றாவது முறை வெறும் சாம்பல் நிற மூச்சு மட்டும் வந்தது. அதே அதிகாரி முத்திரை குத்தி, நிமிர்ந்து பார்க்காமல் காகிதத்தை நீட்டினார். நானும் நன்றி சொல்லவில்லை. எனக்கு உண்மையைக் காட்டியவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. போன பிள்ளைகள் இரண்டும் திரும்பி வரவில்லை.

வீட்டில் என் கணவர், "தம்பிதானே, விட்டுடு" என்றார்.

"ஒங்க தம்பி வரட்டும், சாப்பிடட்டும். என் வேன தொடக்கூடாது" என்றேன்.

அடுத்த வருடம் ஜெலுத்தோங் சாலையில் கிளட்ச் கேபிள் அறுந்து நின்றேன். நல்லவேளை, பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தேன். தற்செயலாக அந்த வழியே காரில் வந்த கொழுந்தன் ஓரங்கட்டி, கருவிப்பெட்டியோடு இறங்கி வந்தார்.

"என்னா அண்ணி ஆச்சு? நவுருங்க, பாக்குறேன்."

நான் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினேன். அவர் வெயிலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனார். இழுவை வண்டி வர இரண்டு மணி நேரமாயிற்று. வேனுக்குள் அடுப்பு மாதிரி கொதித்தது. நான் இறங்கவில்லை.