கேட்கக் கற்றுக்கொடுத்த சுகுணா அக்கா

சுகுணா அக்கா போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மீதிப் பிள்ளைகளுக்கும் போட்டேன். வேறென்ன செய்வது...

தெரியாதவர்களுக்காக: திருத்தணியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான எங்கள் சின்ன சென்டரில் அக்காதான் சீனியர் டீச்சர். நான் பக்கத்து மேஜை. கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார். வரும்போதே களைத்திருப்பார்.

எங்களிடம் வரும் மோனிஷா அம்மையார்குப்பத்துப் பெண் குழந்தை. வீட்டில் பவர்லூம். பேச்சு வராது. செல்போன் வேண்டுமென்றால் சுவரில் தலையை முட்டுவாள். நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம்.

"எப்பவும் குடுக்க மாட்டோம் டீச்சர். ரொம்ப முட்டிக்கினா மட்டும் மனசு கேக்காம குடுத்துடுவோம்" என்றார் அவள் அம்மா.

அக்கா மெதுவாகத்தான் சொன்னார். "அதாம்மா விஷயம். ஒருநாள் குடுக்கற, ஒருநாள் குடுக்கல. இன்னும் கொஞ்சம் முட்டினா கிடைக்கும்னு அவ கத்துக்கினா."

அந்த அம்மா அழுதுவிட்டார். "உன்ன குத்தம் சொல்லலம்மா. எல்லா வூட்லயும் இதான் நடக்குது" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து முட்டினால் தலையணையைக் குறுக்கே பிடிப்போம். போன் கிடையாது. வேண்டியதன் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டினால் மட்டும், கேட்டது உடனே கையில். ஒவ்வொரு முறையும்.

முதலில் முட்டல் அதிகம்தான் ஆனது. விட்டுவிடலாம் என்றேன். "இப்ப விட்டா இன்னும் மோசமாயிடும் கலா. பல்ல கடிச்சிக்கினு இரு."

இருந்தோம். மோனிஷா அட்டையை நீட்ட ஆரம்பித்தாள். முறுக்கு, தண்ணீர், ஊஞ்சல்...

அப்போது பார்த்து அக்கா, "இனிமே எல்லா வாட்டியும் குடுக்காத" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இப்பத்தான் கேக்கவே ஆரம்பிச்சிருக்கா. பாவம்க்கா."

"கடையில, பஸ்ல, சொந்தக்காரங்க வூட்ல எல்லாரும் கேட்டவொடனே குடுப்பாங்களா? கிடைக்கலன்னா இன்னொரு வாட்டி கேக்கணும், சுவத்துக்குப் போவக்கூடாது. கெட்டது அப்படித்தானே அவகிட்ட ஒட்டிச்சு? நல்லதும் அப்படித்தான் ஒட்டும். கொஞ்சம் கொஞ்சமா கொறை."

குறைத்தோம். ஒருநாள் முறுக்கு கேட்டாள், "அப்புறம்" என்றேன். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அட்டையை நீட்டினாள்.

அக்கா எழுந்து பாத்ரூம் போய்விட்டு, முகம் கழுவி வந்தார்.

அப்புறம் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ட்ரீட்மெண்டுக்கு வேலூர். முடிந்த நாளில் வருவார், முடியாத நாளில் வரமாட்டார். மோனிஷா தினமும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டாள்.

ஒருநாள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அக்கா அதைப் பார்த்துவிட்டார். "தெனமும் இப்படித்தான் நிக்கறாளா?"

"ஆங்க்கா."

"நான் எந்த நாள் வருவேன்னு தெரியாமத்தானே நிக்கறா... ஒருநாள் வர்றேன், ஒருநாள் வரல. அதே தப்ப நானே பண்ணிட்டேன் பாரு."

அதோடு வெள்ளிக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டார். உடம்பு தேவலை என்றாலும் மற்ற நாளில் வரமாட்டார். "நல்லாத்தான் இருக்கேன், ஆனா வரமாட்டேன்" என்று போனில் சிரிப்பார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மோனிஷா வாசலில் நிற்பதை விட்டாள்.

பிறகு வெள்ளியும் வேண்டாம் என்றார். முடியவில்லை. கடைசியாக வந்த அன்று மோனிஷாவை என் மேஜையில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்று பார்த்தார் அக்கா. "இது போதும் கலா" என்றார். ஆட்டோவில் ஏறியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நாளை காலை கனகம்மாசத்திரத்தில் எடுக்கிறார்கள். சென்டரில் மற்றவர்கள் எல்லாரும் போகிறார்கள்.

நான் வரவில்லைக்கா. இங்கே பிள்ளைகள் வருவார்கள். யாராவது இருக்க வேண்டுமே...

போய் நன்றாகத் தூங்குங்கள்.