கோட்டின் வலது பாதி

எங்கள் மில்லில் மெஷின் துடைப்பதற்குப் பழைய துணி மூட்டை மூட்டையாக வரும். வெளிநாட்டுக்காரர்கள் கழித்துப்போட்ட சட்டை, கம்பளி எல்லாம் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கும். முழுசாக விட்டால் யாராவது கடை போட்டு விற்றுவிடுவார்கள் என்று துறைமுகத்திலேயே வெட்டித்தான் வெளியே அனுப்புவார்கள். ராஜபாளையத்தில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த எனக்கு அந்த மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பது வேலை. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், சாம்பல் நீலக் கம்பளித் துண்டு ஒன்றின் மார்புப் பக்கத்தில் நூலால் தைத்த இரண்டு சிறகுகள் இருந்தன. லைப்ரரியில் தடித்த படப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, அது இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய ஒருவனின் சீருடை என்று கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது. நாலைந்து வருஷத்தில் மூன்று சீருடைகள் தேறின. வெட்டுப்பட்ட துண்டுகளைத் தேடிப் பிடித்து, செருப்பு தைக்கும் ஊசியால் நானே சேர்த்துத் தைத்து, அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்தேன்.

"ஏங்க, இந்த வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு போட்டு எந்தப் பிளேன ஓட்டப் போறீக?" என்பாள் மனைவி.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று வந்தது. தோல் கோட்டின் இடது பாதி. வெளியே பழுப்புத் தோல், உள்ளே அடர்ந்த ஆட்டு ரோமம், பித்தளைப் பல் ஜிப்பின் ஒரு வரிசை. உயரத்தில் குளிர் தாங்க விமானிகள் போட்டது. முதுகை நெடுக வெட்டியிருந்தார்கள். எங்களுக்குத் துணி அனுப்பும் பாயின் குடோன் ஸ்ரீவில்லிபுத்தூரில். போன் செய்தேன்.

"அதே லோடுலதான் சார் மத்த பாதியும் இருக்கும். திங்கக்கெழம லாரி ஏறிரும். ஞாயித்துக்கெழம வந்து தேடிக்கிடுங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி செட்டியார்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மகள் விஷயத்தில் நான் பயந்தாங்கொள்ளி. சைக்கிள் வாங்கித் தரவில்லை. மொட்டை மாடிக்கு விடமாட்டேன். அப்படிப்பட்டவன்தான் கூட்டிப்போனேன். பையில் இடது பாதி இருந்தது. வழியெல்லாம் அவளும் நானும் வலது பாதியைப் பற்றியே பேசினோம்.

குடோனில் இறுக்கிக் கட்டிய துணிப் பொதிகள், பேல்கள், கூரை வரை அடுக்கியிருந்தன. வாசலில் பெண்கள் அரிவாள்மனையை முன்னால் போட்டு உட்கார்ந்து, துணியிலிருந்து பொத்தானையும் ஜிப்பையும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பேலை எப்போதும் மேலிருந்துதான் எடுக்க வேண்டும். எங்கள் மில்லிலேயே அதை போர்டில் எழுதி மாட்டியவன் நான். ஆனால் அடுக்கின் நடுவில் பழுப்பாக ஏதோ எட்டிப்பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

அடுக்கு மெல்லச் சாய்ந்து, பின்சுவரில் போய் மோதி நின்றது. என் கையில் வந்தது ஒரு பழைய கைப்பை. மகளைக் காணவில்லை.

எப்போது உள்ளே நுழைந்தாளோ, சுவருக்கும் சாய்ந்த அடுக்குக்கும் நடுவிலிருந்த சந்திலிருந்து அவள் குரல் வந்தது. "அப்பா! இங்கன இருக்குப்பா! ஜிப்பு இருக்கு, முடி இருக்கு!"

நான் அடுக்கின் மேல் ஏறப் பாய்ந்தேன். பெண்களில் மூத்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏறாதீக சாரு! ஏறுனீகன்னா அம்புட்டும் பிள்ள மேல உக்காந்துரும்."

பாய் ஏணி போட்டார். மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். என்னை யாரும் தொடவிடவில்லை. அந்தம்மா சுவரோரம் குனிந்து, "ஏட்டி, பேசிக்கிட்டே இரு. பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்" என்றார்.

"பன்னெண்டு வரைக்குந்தான் தெரியும்."

"அப்ப பன்னெண்டச் சொல்லு."

சொன்னாள். ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலோடு நின்றுவிட்டது. என் காது அடைத்துக்கொண்டது. பாய் இறக்கிய பேல் தரையில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"என்னட்டி, மறந்துபோச்சா?"

"செத்த இருங்க ஆச்சி. கோட்டுல கைய விடுதேன்."

குடோனே சிரித்தது. நான் மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது வலது கையில் அந்தப் பாதியை மாட்டியிருந்தாள். முழங்கால் வரை தொங்கியது. தலையெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்து ராணுவ சல்யூட் ஒன்று வைத்தாள். நான் பைக்குள் கைவிட்டு இடது பாதியை எடுத்தேன். ஜிப்பின் அடியைப் பொருத்தி இழுத்தேன். அரை நூற்றாண்டுக் களிம்பு. இருந்தும் சர்ரென்று ஏறியது. "அதேதான்! அதேதான்!" என்று கத்தினேன். அவளும் சேர்ந்து குதித்தாள்.

"மொதல்ல பிள்ள காலப் பாருங்க சாரு" என்றார் அந்தம்மா.

முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்து செருப்பில் சேர்ந்திருந்தது.

மூன்று தையல். மனைவியிடம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டாள் என்றேன். மகள் அதை மறுக்கவில்லை. அந்த வாரமே நான் கோட்டைத் தைத்து முடித்தபோது ஊசியில் நூல் கோத்துத் தந்தவளும் அவள்தான். இப்போது கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ்ஸில் போய்வருகிறாள். டிசம்பரில் தோழிகளுக்குக் காட்ட அந்தக் கோட்டைக் கேட்கிறாள். கொடுக்கிறேன். அவள் ஜிப்பை ஏற்றும் சத்தம் கேட்டால் மட்டும் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். என்னவென்று மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.