பாதிச் சுவரில் நின்ற பூச்சு

கண்டனூரில் நான் பூச்சு வேலை பார்த்த பெரிய வீட்டின் சுவரை இன்றைக்கும் தடவிப் பார்த்து வியக்கிறார்கள். எல்லாம் முட்டை வெள்ளைக்கருவின் மகிமையாம். கேட்டால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். முட்டை தானாக ஏறிச் சுவரில் உட்காருமா? பதினோரு பெண்கள் சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெயாக அரைத்துத் தந்தார்கள். கொத்தனாரான நான் பூசினேன்.

அவர்களில் மூத்தவளை எல்லோரும் அக்கா என்போம். ஒருநாள் இளையவள் ஒருத்திக்குச் சுண்ணாம்பு அரித்து உள்ளங்கை வெந்துபோனது. கைக்குழந்தைக்காரி, அன்றாடம் அரைத்தால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். மேஸ்திரி அவளை வேலையை விட்டே நிறுத்தினார். "அவ தலையெழுத்து, நான் என்ன செய்ய?" என்றார்.

மறுநாள் முகப்புச் சுவருக்குக் கடைசிப் பூச்சு. குடிபுக நாள் குறித்தாயிற்று. அந்தப் பூச்சை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இடையில் காய்ந்தால் ஒட்டுத் தெரியும், உரித்துப்போட்டு மறுபடி பூச வேண்டும். பூச்சு பாதிச் சுவர் ஏறியதும் அக்கா குழவியை நிறுத்தினாள். மற்ற ஒன்பது பேரும் நிறுத்தினார்கள்.

"கை ஆறுற வரைக்கும் அவளுக்கு வேற வேலை குடுங்க மேஸ்திரி. தலையெழுத்துன்னு சொன்னீகள்ல, இப்ப அந்த எழுத்த அரைச்சுப் பூசிக்கங்க."

வீம்புக்கு மேஸ்திரியே அம்மியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "இருக்கத வச்சு நீயாவது பூசுப்பா" என்று என்னிடம் வந்தார். எனக்கும் குடும்பம் இருந்தது, பயம் இருந்தது. ஆனாலும் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.

பின்னாளில் காரைக்குடி வாசகசாலையில் ஒருவர் மார்க்சியம் சொல்லித்தந்தார். உற்பத்தி எப்படி நடக்கிறது, அது யார் கையில் இருக்கிறது என்பதன்மேல்தான் சட்டமும் சாத்திரமும் நிற்கின்றன என்றார். பலர் மறுத்துப் பேசினார்கள். எனக்குச் சந்தேகமே எழவில்லை. அரைப்பு நின்றதும் தலையெழுத்துப் பேச்சு வாயடைத்துப்போனதைக் கண்ணால் கண்டவன் நான்.

பூச்சின் ஓரம் காய்ந்து வெளுக்கத் தொடங்கியபோது வீட்டு முதலாளி வண்டியைப் பூட்டச் சொன்னார். ஊர்க்கோடியில் கை வெந்தவளின் வீட்டுக்குப் போன வண்டியில் அவளும் குழந்தையும் உட்கார்ந்து வந்தார்கள். மேஸ்திரி பின்னால் நடந்து வந்தார். அவள் வாசலில் இறங்கி நின்ற பிறகுதான் அக்கா குழவியைத் தொட்டாள்.