அண்ணையின் சட்டைப்பையில் இருந்த இணையம்

அக்காவின் மகளுக்குப் பிரான்சில் கலியாணம். அண்ணை, அண்ணி, நான் என மூவர் புறப்பட இருந்தோம். பயணத்துக்கு ஒரு கிழமை முன் கொக்குவிலில் ஒரு போன் கடைக்குப் போனோம்.

அண்ணிக்கு ஒன்றுதான் வேண்டும். கொழும்புத்துறையில் படுக்கையில் கிடக்கும் அவருடைய தாய்க்குப் பின்னேரம் ஐந்து மணியளவில் மட்டும் நினைவு தெளியும். அந்த நேரம் அண்ணியின் தங்கை வாட்ஸ்அப்பில் அழைப்பு எடுப்பார். பிரான்சில் அப்போது மதியம் ஒன்றரை.

"இஞ்சத்தைச் சிம்முக்கே ரோமிங் போடலாம், ஐயா," என்றாள் கடைப்பெண். "இல்லாட்டி அங்கை இறங்கிச் சிம் வாங்கலாம். இந்த வைஃபை பெட்டியை வாடகைக்கு எடுத்தால் ஒண்டிலையே மூண்டு பேரும் பாவிக்கலாம்."

"பெட்டி காணும், வேறை ஒண்டும் வேண்டாம்," என்றார் அண்ணை.

"அண்ணிக்குத் தனிய ஒண்டு வேணும்," என்றேன்.

"அவவுக்கு ஏன்? நான் பக்கத்திலைதானே இருப்பன்."

அண்ணை இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். பதிலைச் சொல்லிவிட்டு, கேட்டவனைப் பார்க்கமாட்டார். அண்ணி கண்ணாடிக்குள் தொங்கிய போன் உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா வீட்டில் வைஃபை இருந்தது. வெளியே இறங்கினால் அண்ணையின் சட்டைப்பையில் கிடந்த பெட்டிதான். அவரை விட்டுப் பத்தடி தள்ளினால் இணையம் அறுந்துவிடும். மூன்று பாஸ்போட்டும் அவருடைய தோள்பைக்குள்.

இரண்டாம் நாள், தமிழ்க் கடைகள் உள்ள தெருவில், என்னால் வாயை அடக்க முடியவில்லை. "கட்டையிலை கட்டின மாடு மாதிரி உங்களைச் சுத்திக்கொண்டு திரியிறம்."

"அப்ப அவிட்டுக்கொண்டு போ," என்று சொல்லி அண்ணை தனியே நடந்தார். நேரம் ஒன்றேகால்.

அந்தச் சண்டையில் நான்தான் வென்றேன். இணையம் அறுந்து செத்துப்போனது அண்ணியின் போன்.

வழி விசாரித்து அக்கா வீட்டுக்கு வந்து சேர நாலு மணி. வாசலிலேயே அண்ணியின் போனில் ஆறு தவறிய அழைப்புகள் விழுந்தன. கடைசியாக ஒரு குரல்பதிவு. தாய் அண்ணியின் பெயரை இரண்டு தரம் கூப்பிடுகிறார். பிறகு தங்கையின் குரல்: "அவ எடுக்கிறா இல்லை, அம்மா."

இரவுச் சாப்பாட்டில், எல்லாருக்கும் முன்னால், அண்ணி கையை நீட்டினார். "என்ரை பாஸ்போட்டைத் தாங்கோ."

"ஏன், நீர் எங்கை போகப்போறீர்?"

"சிம் வாங்க. கடையிலை கேப்பினமாம்."

"பெட்டி கிடக்கு. பிறகென்ன?"

அண்ணி கையை மடக்கவில்லை. அக்கா கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அண்ணை தோள்பையைத் திறந்தார்.

அடுத்த நாள் காலை அண்ணி தானே போய் வாங்கி வந்தார். நான் துணைக்கு வாறன் என்றதற்கும் வேண்டாம் என்றார்.

மதியம் பூங்காவில் அண்ணை தன் போனை எடுத்தார். "புது நம்பரைச் சொல்லும்."

"உங்களுக்கு ஏன்? நீங்கள் பக்கத்திலைதானே இருக்கிறியள்."

ஒன்றரைக்கு அழைப்பு வந்தது. அண்ணி எழுந்து, எங்கள் இருவரையும் விட்டுப் பத்தடிக்கு மேல் தள்ளிப் போய் நின்று கதைத்தார்.