இரண்டு பித்தளை மூடிகள்

என் கைப்பையின் உள்ளறையில் சுண்டுவிரல் நகத்தளவு பித்தளை மூடிகள் இரண்டு கிடக்கின்றன. எத்தனை பை மாற்றினாலும் அவையும் கூடவே வந்துவிடுகின்றன. தூக்கிப் போட எனக்குத் தைரியம் வந்ததில்லை.

எர்ணாகுளத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் மட்டாஞ்சேரிக்காரர். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். அக்கா என்பதற்கு அவர்கள் வீட்டுச் சொல்லான இத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கலந்து கிடக்கும் வாயுக்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டுவது எங்கள் வேலை. கார்பன் நானோகுழாய்த் தூளை மெல்லிய எஃகுச் சுருளுக்குள் அடைத்து, அதன் வழியே ஹீலியத்தோடு வாயுவை அனுப்புவோம். ஒவ்வொரு வாயுவும் அந்தக் கரியில் ஒட்டியும் விட்டும் வெவ்வேறு நேரத்தில் வெளியேறும்; திரையில் தனித்தனி மேடாக எழும். தூளோ மூச்சு விட்டால் பறக்கும், தொட்டால் கட்டி தட்டும். நான் நிறைத்ததெல்லாம் வீண். இத்தா பென்சிலால் தட்டித் தட்டி அரை நாளில் நிறைத்துவிட்டு, படிப்பு வேறு கை வேறு என்று என்னைக் கிண்டல் செய்வார். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் என் ஆய்வேடு அவர் நிறைத்த சுருளில்தான் ஓடியது.

ஈரம்தான் அந்தத் தூளுக்கு எமன்; ஈரம் ஏறினால் வாயுக்கள் பிரியாது. ஹீலியத்தை மிச்சம் பிடிக்க, வெள்ளிக்கிழமை மாலை சுருளைக் கழற்றி, இரு முனையிலும் பித்தளை மூடியைத் திருகிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அந்த ஜூன் மாத வெள்ளியன்று, மழைக்கு முன் விடுதிக்குப் போகும் அவசரத்தில் நான் மூடிகளைக் கோட்டுப் பையில் போட்டபடியே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை, மட்டாஞ்சேரியில் பூச்சிமருந்துப் புகை போட்டு அடைத்திருந்த அரிசிக் கிடங்கை முதலில் திறந்து உள்ளே போன இத்தாவின் அண்ணன் சுருண்டு விழுந்தார். மாரடைப்பு என்று முடித்துவிட்டார்கள். இத்தாவுக்கு அந்தப் புகைமேல்தான் சந்தேகம். அன்று மதியமே அடக்கம். ஆண்கள் மய்யித்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனதும், வீட்டில் கிடந்த, வாயு பிடிக்கும் ஆய்வகப் பை ஒன்றில் கிடங்கு மூலையின் காற்றைப் பிடித்துக்கொண்டு இத்தா ஆய்வகத்துக்குப் படகேறினார். ஏறுமுன் எனக்குப் போன் செய்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், சுருள் இரண்டு முனையும் திறந்து மேசைமேல் கிடந்தது. வெளியே கொட்டும் மழை. இரவு முழுக்கச் சூடாக்கினால் ஈரம் போகும். பையிலிருக்கும் வாயு அதுவரை நிற்காது. எப்படியாவது பிரிந்துவிடாதா என்று, அவர் வருமுன் சுருளைப் பொருத்திவிட்டேன்.

பையில் இருந்தது இரண்டு தடவைக்கான காற்று. இரண்டு தடவையும் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே மேடாக வந்தது.

“உள்ளுக்க விஷம் இருந்துச்சா இல்லியா, அது மட்டும் சொல்லு மோளே.”

“தெரியல இத்தா.”

திரையில் அந்த ஒற்றை மேட்டை விரலால் தடவினார். “நான் நெறச்சது சரியாயில்ல,” என்றார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பயந்துவிட்டேன். கோட்டுப் பைக்குள் மூடிகளை இறுகப் பிடித்தபடி நின்றேன்.

இன்று நான் வேலை பார்க்கும் இடத்தில் இயந்திரமே ஈரத்தைச் சொல்லிவிடுகிறது. போன வாரம் மட்டாஞ்சேரிக்குப் போனேன். இத்தா ஓய்வுபெற்றுவிட்டார். சாயா கொடுத்தார். பேச்சுக்கு நடுவே தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு, “அன்னிக்கு மட்டும் எங் கை பெசகிடுச்சு மோளே,” என்றார்.

கைப்பை என் மடியில்தான் இருந்தது. உள்ளறையில் கையை விட்டேன். இரண்டும் இருந்தன. சாயா ஆறிப்போகிறது, குடி என்றார் இத்தா. வெறுங்கையை வெளியே எடுத்து, டம்ளரை வாங்கிக்கொண்டேன்.