அப்பாவின் கடையில் நான் கட்டிய சேலை

இன்று ஹட்டன் கடைவீதியில், எங்கள் ஜவுளிக் கடைக்குள், வந்தவர்களெல்லாம் பார்க்க நான் சேலை கட்டி நடந்தேன்.

காலேஜ் விடுமுறைக்குத் தலைமன்னாரில் கப்பலேறி மதுரைக்குப் போய், ஒரு நாடகக் கம்பெனியில் பெண் வேடம் பயின்று வந்தேன். அப்பா மட்டும் கேட்டவர்களிடமெல்லாம், "பய யாவாரம் பழகிட்டு வந்திருக்கான்" என்றே சொல்லிவந்தார்.

திம்புள்ளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த அம்மா ஒருவர், ஒரு மாம்பழ நிறச் சேலையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

"கட்டினா எப்படி இருக்கும்னு தெரியலையே" என்றார்.

நான் அதை வாங்கி, வேட்டிக்கு மேலேயே கட்டிக்கொண்டேன். மணப்பெண் பந்தலுக்குள் வருவதுபோல், தலையைச் சற்றே தாழ்த்தி, வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்தேன்.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் மக நடந்து வர்ற மாதிரியே இருக்குங்க மொதலாளி. தம்பி இத எங்க படிச்சாங்க?"

நான் முந்தானையை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"மதுரையில, நாடகக் கம்பெனியில. கடல் தாண்டிப் போய்ப் படிச்சிட்டு வந்திருக்கான்" என்றார் அப்பா. பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

மதுரையில் விழுந்த கைதட்டல்கூட இப்படி இனிக்கவில்லை.

அடுத்து, "டேய், அந்தப் பச்சையையும் கட்டிக் காட்டு" என்றார்.

நாளைக்கும் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் கல்யாணம் உண்டா? எந்த நிறத்தில் நடக்கட்டும், சொல்லுங்கள்.